பெரியம்மா வீட்டு நோட்டீஸ்

2005 ஜனவரியில் நாகப்பட்டினத்துக்கும் காரைக்காலுக்கும் போய்வந்தவர்கள் சாலையோரத்தில் துணி குவிந்து கிடந்ததைப் பார்த்திருப்பார்கள். சேலை, சட்டை, குழந்தைகளின் கம்பளி ஸ்வெட்டர், நம் வெயிலுக்கு யாரும் போடாத கோட்டு. சுனாமியில் எல்லாம் இழந்தவர்களுக்கென்று நாட்டின் நாலா பக்கத்திலிருந்தும் லாரி லாரியாக வந்தவை அவை. அனுப்பியவர்கள் இரக்கத்தோடுதான் அனுப்பினார்கள். ஆனால் கடற்கரை ஜனங்கள் அந்தக் குவியலைத் தொடவில்லை. பனியில் நனைந்து, மாடு மிதித்து, கடைசியில் அள்ளிக் கொட்டுவதற்கே தனியாக ஆள் வைக்க வேண்டியிருந்தது. "ஊரான் உடுத்துனத உடுத்துற அளவுக்கு நாங்க வந்துடல தம்பி" என்று மண்டபத்தூரில் ஒரு அம்மாள் என்னிடம் சொன்னார். அன்றைக்கு அவருக்கு மாற்றுச் சேலை கிடையாது. தினமும் கடலிலிருந்து காசைக் கண்ணால் பார்த்து வாழ்ந்த குடும்பம். வீடு போன பிறகும் அந்த ரோஷம் போகவில்லை.

அதே ஊரில், 2008 மாசி மாதம், பெரியம்மா வீட்டில் புழங்கிய சாமான்களை விற்பதற்கு நான் நோட்டீஸ் எழுத வேண்டி வந்தது.

மண்டபத்தூர், காரைக்கால் மாவட்டத்தின் வடக்குப் பக்கத்து மீனவ ஊர்களில் ஒன்று. கோட்டுச்சேரி கொம்யூன் பஞ்சாயத்தைச் சேர்ந்தது. இன்னும் வடக்கே போனால் பூவம், நண்டலாறு. ஆற்றைத் தாண்டினால் தமிழ்நாடு, தரங்கம்பாடி. பெரியப்பா வீடு ஊருக்கு மேற்கே, வயல் தொடங்குகிற இடத்தில் இருந்தது. சுனாமி அன்றைக்குத் தண்ணீர் வாசல் படிவரை வந்து திரும்பிவிட்டது. பெரியப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். எங்கள் பக்கத்தில் அப்படிப்பட்டவர்களைச் சொல்தா என்போம். இந்தோசீனா, அல்ஜீரியா எல்லாம் பார்த்துவிட்டு பென்ஷனோடு ஊர் திரும்பியவர். காரைக்கால் 1954 நவம்பர் 1-இல் இந்திய நிர்வாகத்துக்கு வந்தது. சட்டப்படி முழுதாக இணைந்தது 1962 ஆகஸ்ட் 16-இல். அந்தச் சமயத்தில் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பங்கள் எங்கள் பக்கத்தில் உண்டு. பெரியப்பா குடும்பம் அதில் ஒன்று. 2007 கடைசியில் அவர் தவறிப்போனார். அவர் மகன், எனக்கு அண்ணன், பாரிசுக்குப் பக்கத்தில் லா கூர்னேவில் குடியிருப்பவர், அம்மாவைத் தன்னோடு அழைத்துப்போக முடிவு செய்தார். வீட்டை உறவினர் ஒருவர் வாங்கிக்கொண்டார். மிச்சம் இருந்தது சாமான்.

வழி சொன்னவர் அண்ணன்தான். பிரான்சில் வீத்-கிரெனியே என்று ஒன்று நடக்குமாம். பரண் மேல் கிடப்பதையெல்லாம் இறக்கி, ஊர்ச் சதுக்கத்திலோ தெருவிலோ மேசை போட்டு, வீட்டுக்காரர்களே விற்பார்கள். வியாபாரியாக இல்லாதவர் வருஷத்துக்கு இரண்டு தடவைதான் அப்படிக் கடை போடலாம், விற்பதும் சொந்தத்தில் புழங்கிய பொருளாகவே இருக்க வேண்டும் என்று சட்டமே உண்டு. விடிகாலையில் ஆரம்பித்துவிடுவார்கள். விளக்குக் கம்பத்தில் ஒட்டிய காகிதத்தில் நாள், நேரம், இடம் மூன்றும் பெரிதாக இருக்கும். "அதே மாதிரி திண்ணையில பரப்பிப் போடு, நீதான் பிரஸ்ல இருக்கியே, ஒரு நோட்டீஸ் அடிச்சுடு" என்றார் தொலைபேசியில்.

நான் அப்போது காரைக்கால் பாரதியார் சாலையில் ஓர் அச்சகத்தில் வேலை பார்த்தேன். கல்யாணப் பத்திரிகை, கருமாதிக் கடிதம், கட்சி நோட்டீஸ், ஜவுளிக்கடை ஆடித் தள்ளுபடி எல்லாமே என் கையால் மெய்ப்புத் திருத்திப் போனவை. எங்கள் தொழிலுக்கு அந்த மண்ணில் ஒரு பழமை உண்டு. நண்டலாற்றுக்கு அந்தப் பக்கம், தரங்கம்பாடியில்தான் 1713-இல் சீகன்பால்கு பாதிரியார் தமிழில் அச்சடிக்கத் தொடங்கினார். காகிதம் போதாமல் பொறையாரில் காகிதப் பட்டறை வைத்தார்கள்; கடுதாசிப் பட்டறை என்ற இடப்பெயர் இன்னும் இருக்கிறது. அந்த வழியாகப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் எனக்கு ஒரு பெருமை வரும்.

ஆனால் அச்சகத்தில் கற்ற நோட்டீஸ் நடை இதற்கு உதவாது என்று முதல் வரி எழுத உட்கார்ந்ததுமே தெரிந்தது. 'அரிய வாய்ப்பு! நழுவ விடாதீர்!' என்று போட்டால், பித்தளை அண்டாவைப் பார்க்க யாரும் வரமாட்டார்கள். பெரியம்மா வீட்டில் என்ன கஷ்டமோ என்று விசாரிக்க வருவார்கள். கடை விளம்பரத்தில் விற்கிறவனை யாருக்கும் தெரியாது. இங்கே எல்லோருக்கும் பெரியம்மாவைத் தெரியும். வாங்கப்போகிறவரையும் எல்லோருக்கும் தெரியும். அவர் ஒரு பழைய பீரோவைத் தட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு தன் தெருவுக்குள் போவதை ஊரே பார்க்கும். அப்படிப் போவதற்கு வேண்டிய கௌரவத்தை நோட்டீஸ்தான் முன்கூட்டிச் சம்பாதித்துக் கொடுக்க வேண்டும். எனக்கு அப்போது புரிந்ததும், இன்றுவரை நான் நம்புவதும் இதுதான்.

சித்தப்பா ஏலம் போடலாம் என்றார். கடற்கரையில் மீனே ஏலத்தில்தான் போகிறது. ஊருக்குப் பழகிய முறை. அரை மணியில் முடிந்துவிடும். பெரியம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "கடன் கட்ட முடியாதவன் வீட்டுலதானடா சாமான வாசல்ல போட்டு ஏலம் கேப்பாங்க. உங்க பெரியப்பா யாருக்கும் பத்து ரூவா பாக்கி வச்சது கெடையாது" என்றார். கும்பினி காலத்து மெட்ராசில் கப்பலேறும் துரைமார்கள் வீட்டுச் சாமானை ஏலம் விட்டுப் போவது சகஜம். ஆனால் நம் ஊரில் ஏலத்தோடு ஜப்தியும் சேர்ந்தே நினைவுக்கு வரும். அதனால் ஏலம் கிடையாது, ஒவ்வொன்றின் மேலும் விலைச் சீட்டு என்று முடிவாயிற்று. ஏன் விற்கிறோம் என்பதை நோட்டீசின் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட வேண்டும் என்பதும் அப்போதே முடிவாயிற்று. காரணத்தை நாம் சொல்லாவிட்டால் ஊர் ஒரு காரணத்தைச் சொல்லிவிடும்.

இதற்கிடையே செய்தி வெளியே போய், பழம்பொருள் வியாபாரிகள் இருவர் வந்தார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவிலும் புதுச்சேரியிலும் பழைய மரச்சாமானுக்கு, கடிகாரத்துக்கு, எனாமல் பாத்திரத்துக்கு நல்ல கிராக்கி உண்டு. மொத்தமாக ஒரு தொகை பேசி அன்றைக்கே லாரி கொண்டுவருவதாகச் சொன்னார்கள். சுவர்க் கடிகாரத்தையும் ஒரு சாய்வு நாற்காலியையும் மட்டும் பெரியம்மா கொடுத்தார். மற்றது ஊருக்குள்ளேயே போக வேண்டும் என்றார். அந்த ஆண்டில்தான் மண்டபத்தூரிலும் பக்கத்து ஊர்களிலும் பலர் தகரக் கொட்டகையிலிருந்து சுனாமி நிரந்தர வீட்டுக்கு வந்திருந்தார்கள். சுவர் புதிது, உள்ளே ஒன்றுமில்லை. கட்டிலும் பீரோவும் குடமும் வேண்டியிருந்தது அவர்களுக்குத்தான்.

நாள் பார்த்ததைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். விளம்பரத்தில் பாதி வெற்றி அதில்தான் இருந்தது. ஐப்பசி, கார்த்திகையில் கடல் கொந்தளிப்பு; யார் கையிலும் காசு புரளாது. ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிடும். அப்போது அது 45 நாள், மே 29 வரை. 61 நாள் ஆனது 2017-இல்தான். விசைப்படகுகள் கரையில் நின்றால் ஊரே கையைக் கட்டிக்கொண்டிருக்கும். அதற்கு முன்னே மாசியில் வைத்தால் நல்லது. சரி, எந்தக் கிழமை? வெள்ளிக்கிழமை வீட்டுச் சாமானை வெளியே கொடுக்கமாட்டோம். செவ்வாயும் அப்படியே. சனிக்கிழமை இரும்பு வாங்கமாட்டார்கள். பீரோவும் தையல் மிஷினும் நின்றுவிடும். ஞாயிற்றுக்கிழமை மீன் விற்பனை அதிகம், பெண்கள் வீடு திரும்ப நேரமாகும். பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்று பெரியம்மாவே சொல்லிவிட்டார். நேரத்தில்தான் அண்ணனோடு எனக்கு வாக்குவாதம். காலையிலேயே வை என்றார் அவர். இங்கே சாமான் வாங்குகிறவர்கள் பெண்கள். அவர்கள் விடியலில் கூடையோடு கிளம்பி, மார்க்கெட்டிலும் தெருவிலும் விற்று, குளித்து, சாப்பிட்டு உட்கார மூன்று மணி ஆகும். புதன்கிழமை ராகுகாலம் பன்னிரண்டிலிருந்து ஒன்றரை, அது கழிந்துவிடும். விளக்கு வைத்த பிறகு எதையும் வெளியே கொடுப்பதில்லை. ஆகவே மூன்றிலிருந்து ஆறு. வேறு ஊரில் வேறு கணக்கு வரும். அங்கே இருக்கிறவர்கள்தான் அதைப் போட முடியும்.

இனி சாமான். ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பார்த்து எழுதினேன். பீரோவின் பூட்டு நன்றாக இருந்தது. உள் லாக்கரின் சாவி மட்டும் இல்லை. தையல் மிஷினுக்கு பெல்ட் தேய்ந்திருந்தது. பிரான்சிலிருந்து வந்த மிக்சியின் பிளக்கு நம் சுவரில் நுழையாது, மாற்ற வேண்டும். செப் கம்பெனி குக்கர் இரண்டு. 1953-இல் பிரான்சில் வெளிவந்து வீட்டுக்கு வீடு பரவிய குக்கரின் வம்சம் அது. கனத்த அடி, எத்தனை ஆண்டானாலும் சாகாது. ஆனால் அதன் கேஸ்கெட் காரைக்காலில் எந்தக் கடையிலும் கிடைக்காது. இதையெல்லாம் நோட்டீசில் எழுதப்போகிறேன் என்றதும் பிரஸ் முதலாளி, "குறையச் சொல்லி யாராவது விப்பானா?" என்று கேட்டார். எனக்குச் சந்தேகமே இல்லை. ஊருக்குள் விற்கிற சாமான் நாளைக்கும் ஊருக்குள்தான் இருக்கும். வாங்கிப்போன பிறகு தெரிகிற குறை, வாங்கியவரை ஏமாளியாக்கும். பக்கத்து வீட்டார் சிரிப்பார்கள். முன்பே அச்சில் இருந்தால், தெரிந்துதான் வாங்கினேன் என்று அவர் தலைநிமிர்ந்து சொல்லலாம்.

பாத்திரங்கள்தான் என்னைத் திணறவைத்தன. நம் வீடுகளில் பாத்திரம் என்றால் பெயர் வெட்டியிருக்கும். எவர்சில்வர் குடத்தின் கழுத்தைச் சுற்றி, உளியால் புள்ளி புள்ளியாகத் தட்டிய எழுத்தில் பெரியம்மாவின் பெயர், கல்யாணத் தேதி. சீர்வரிசையில் வந்த தட்டுகளில் தாய்மாமன் பெயர். பெரியப்பா வாங்கிய அண்டாவில் அவருடைய முதலெழுத்துகள். விரலால் தடவினால் எழுத்து தட்டுப்படும். இன்னொருத்தியின் பெயர் உள்ள குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு குழாயடிக்கு எந்தப் பெண் போவாள்? சாலையோரத்துத் துணியை மறுத்த அதே பெண்கள்தானே இவர்கள். யோசித்துவிட்டு, காரைக்காலில் பாத்திரக்கடை வாசலில் சின்ன மிஷினோடு உட்கார்ந்திருக்கும் பெயர் வெட்டுகிறவரிடம் பேசினேன். அன்று மாலை திண்ணைக்கே வந்து உட்கார ஒப்புக்கொண்டார். கூலி எங்களுடையது. புதுப் பாத்திரம் வாங்கினால் கடையில் எப்படி உட்கார்ந்து பெயர் சொல்லி வெட்டி வாங்குவார்களோ அப்படியே இங்கேயும்.

நோட்டீசை எழுதி முடித்து மாமா பெண்ணிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொன்னேன். எட்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தவள். மண்டபத்தூரில் அன்றைக்கு நோட்டீசைக் கையில் வாங்குகிற அம்மாள் அதைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையிடம்தான் கொடுத்துப் படிக்கச் சொல்வார். அவள் நாக்கு எங்கே தடுக்கியதோ அங்கேயெல்லாம் திருத்தினேன். கடைசியில் நின்றது இது:

"மண்டபத்தூர் சொல்தா வீட்டில் சாமான் விற்பனை. வருகிற புதன்கிழமை, பிற்பகல் 3 மணி முதல் 6 மணி வரை. பெரியம்மா பிரான்சில் இருக்கும் மகனிடம் போகிறார்கள். அதனால் வீட்டில் புழங்கிய சாமான்களைக் கொடுக்கிறோம். பீரோ: பூட்டு சரி, உள் லாக்கர் சாவி இல்லை. தையல் மிஷின்: ஓடுகிறது, பெல்ட் மாற்ற வேண்டும். பிரான்ஸ் மிக்சி: பிளக்கு மாற்ற வேண்டும். பிரான்ஸ் குக்கர் இரண்டு: நன்றாக இருக்கின்றன, கேஸ்கெட் இங்கே கிடைக்காது. வேப்பமரக் கட்டில் இரண்டு. தேக்குக் கட்டில் ஒன்று: பெரியப்பா படுத்திருந்தது. எவர்சில்வர், பித்தளைப் பாத்திரங்கள்: பெயர் வெட்டியவை. உங்கள் பெயரை வெட்டித்தர ஆள் இருப்பார், கூலி எங்களுடையது. விலை 20 ரூபாய் முதல் 3,500 ரூபாய் வரை, எல்லாவற்றிலும் எழுதியிருக்கும், எல்லோருக்கும் ஒரே விலை. துணிமணி கிடையாது. பார்த்துவிட்டும் போகலாம்."

துணிமணி கிடையாது என்ற வரியை எடுத்துவிடச் சொன்னார்கள் வீட்டில். இல்லாததை எதற்கு எழுத வேண்டும் என்று. நான் விடவில்லை. 2005-ஐ யாரும் மறந்திருக்கவில்லை. பெரியப்பா படுத்திருந்த கட்டில் என்ற வரிக்கு அதைவிடப் பெரிய எதிர்ப்பு. இறந்தவர் கட்டிலை எவனும் வாங்கமாட்டான், அதை எழுதினால் மற்றக் கட்டிலும் விற்காது என்றார் சித்தப்பா. நான் வேறு மாதிரி நினைத்தேன். ஒன்றை மட்டும் சொல்லிவிட்டால், சொல்லாத இரண்டும் அப்படிப்பட்டவை அல்ல என்று ஆகிவிடும்.

400 நோட்டீஸ் போதும் என்று கணக்குப் போட்டேன். எட்டிலொரு டெமி அளவு. ஒரு டெமி தாளில் எட்டு விழும், ஐம்பது தாளில் வேலை முடிந்தது. அடியில் அச்சகத்தின் பெயரும் ஊரும் போட்டோம். 1867-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது அப்போது கட்டாயமாக இருந்தது. அதோடு, முகவரி உள்ள காகிதத்துக்குக் கிராமத்தில் ஒரு மதிப்பு உண்டு. செய்தித்தாளில் செருகி அனுப்புவது வழக்கம்தான், ஆனால் அங்கே வீட்டுக்கு வீடு பேப்பர் போடுவதில்லை. டீக்கடை, மளிகைக்கடை, வலை பின்னும் கொட்டகை, பஸ் நிற்கும் இடம், மீன் ஏற்றும் வண்டி நிற்கும் இடம் என்று பார்த்துக் கொடுத்தோம். அக்கம்பேட்டை, காளிக்குப்பம், கோட்டுச்சேரிமேடு வரைக்கும் போயிற்று. முந்தின நாள் மாலை, பஞ்சாயத்தார் அனுமதியோடு கோயில் மைக்கில் அதே வாசகத்தை ஒரு தடவை படித்தார்கள். கடலுக்குப் போகக்கூடாத நாளும், ஊர்க் கூட்டமும் அறிவிக்கப்படுகிற மைக் அது. அதில் பெரியம்மா பெயர் வந்ததும் விஷயம் ஊர் விஷயமாகிவிட்டது.

புதன்கிழமை மூன்று மணிக்கு முன்பே திண்ணையில் பெண்கள் உட்கார்ந்துவிட்டார்கள். பெரியம்மா எல்லோருக்கும் டீ கொடுக்கச் சொன்னார். முதலில் யாரும் விலைச் சீட்டைப் பார்க்கவில்லை; பெரியம்மாவிடம் பேசினார்கள், பெரியப்பாவைப் பற்றிப் பேசினார்கள், பிரான்சில் குளிர் எப்படி என்று கேட்டார்கள். பிறகு ஒருவர் எழுந்து போய்க் குடத்தை எடுத்தார். பெயர் வெட்டுகிறவர் மிஷினை ஓடவிட்டார். அந்தக் கிர்ர் சத்தம் கேட்டதும் மற்றவர்களும் எழுந்தார்கள். பழைய பெயரைத் தேய்த்து எடுக்க வேண்டுமா என்று அவர் ஒவ்வொருவரிடமும் கேட்டார். சிலர் எடுக்கச் சொன்னார்கள். ஒரு அம்மாள், "அவங்க பேரு இருக்கட்டும், கீழ எம் மவ பேரப் போடு. வைகாசியில கல்யாணம்" என்றார். அதற்குப் பின் வந்தவர்களில் பலர் அப்படியே செய்துகொண்டார்கள். ஆறு மணிக்குப் பாத்திரம் ஒன்றும் மிச்சமில்லை. வேப்பமரக் கட்டில்கள் இரண்டும் போயின. பீரோவுக்குச் சாவி செய்துகொள்கிறேன் என்று முழு விலையையும் எண்ணிவைத்துவிட்டு ஒருவர் எடுத்துப்போனார். பேரம் பேச வந்த ஒரு பையனைப் பக்கத்திலிருந்த பெண்ணே, "நோட்டீஸ்ல போட்டிருக்குல்ல, ஒரே வெலன்னு" என்று அடக்கினார்.

தேக்குக் கட்டில் அன்றைக்குப் போகவில்லை. அடுத்த வாரம் காளிக்குப்பத்திலிருந்து வயதான ஒருவர் நோட்டீசை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தார். பெரியப்பாவோடு பட்டாளத்தில் இருந்தவர். விலை கேட்டார். பெரியம்மா சும்மா எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். அவர் ஒத்துக்கொள்ளவில்லை, சீட்டில் எழுதியிருந்த 2,000 ரூபாயைக் கொடுத்துவிட்டுத்தான் ஆட்களைக் கூப்பிட்டார்.

குக்கர் இரண்டையும் வாங்கியவர்கள் அக்காள் தங்கைகள், மண்டபத்தூரிலேயே அடுத்தடுத்த வீடு. அண்ணன் 2011-இல் ஊருக்கு வந்தபோது அக்காள் அவரைத் தெருவில் நிறுத்தினார். "நோட்டீஸ்லயே சொல்லிட்டீங்க, கேஸ்கெட் இங்க கெடைக்காதுன்னு. அதனால நான் ஒண்ணும் கொற சொல்லல. ஆனா அங்க கெடைக்கும்ல?" என்று கேட்டார். அண்ணன் அளவு குறித்துக்கொண்டு போய், அடுத்து வந்தவர் ஒருவரிடம் நான்கு கேஸ்கெட் கொடுத்தனுப்பினார். ஆளுக்கு இரண்டு. அதற்கு உண்டான காசை அக்காள் என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார். வேண்டாம் என்றபோது, அடுத்த தடவை நோட்டீஸ் போட்டால் முதலில் எங்களுக்குச் சொல் என்றார்.